சிவக்காத பக்கம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று காலை மழை பெய்தது என்றுதான் இத்தனை வருடமும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் மழை பெய்திருந்தால் அந்த டின்மேல் ஒட்டியிருந்த காகிதம் அடிப்பக்கம் வரை சிவந்திருக்கும். அடிப்பக்கம் சிவக்கவில்லை. ஆகவே மழை பெய்திருக்க முடியாது. ஜானகி அண்ணி மாடிப்படியில் நின்று சொன்ன வார்த்தைகள்கூட அவர் சொன்னவைதானா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டவையா என்று தெரியவில்லை. டின்னுக்குள் கேட்ட சத்தம் மட்டும் நிச்சயம்.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. நான் மலாக்கா டவுனில் தங்கராஜு முதலாளியின் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பீப்பாய்களில் வரும் பால்மாவைச் சின்ன டின்களில் அடைத்து எஸ்டேட்டுகளுக்கு அனுப்புவதுதான் கடையின் முக்கியமான வியாபாரம். டின் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் சாமிநாதன் அண்ணன் பொறுப்பு. எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் அதை உடனே தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். மூடி எப்படி உட்கார்ந்திருக்கிறது, எங்கே நெம்பினால் திறக்கும், திறந்தது வெளியே தெரியுமா என்று யோசிப்பார். யோசிக்கும்போது பேசமாட்டார். மலாக்காவிலிருந்து நியாலாஸ் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாமல் வருவார். எனக்கு அது பிடிக்கும். பேசாமல் இருப்பதற்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது.

கடைக்கு மேல்மாடியில் அவரும் ஜானகி அண்ணியும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணிக்கு ஒரு தம்பி இருந்தான், சேகரன் என்று. நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில் யூனியன் ஆளாக இருந்தவன். நாற்பத்தெட்டில் யூனியன்காரர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது காணாமல் போனான். காட்டுக்குள் போய்விட்டான் என்றார்கள். அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அதே எஸ்டேட்டில்தான் எங்களுக்கு வேலை வந்தது.

காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று சர்க்கார் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தது. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகமுடியாது. ஆனால் ஆயாக்கொட்டகை கம்பிக்கு வெளியே, ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மாக்கள் மரத்துக்குப் போனதும் கைக்குழந்தைகளை அங்கேதான் வைத்திருப்பார்கள். அதனால் கம்பிக்குள் பூட்டிவைத்த சாமான்களில் பால்மா மட்டும் வெளியே போயாகவேண்டும். கேட்டில் காவல் நிற்கிற மாத்தா, அதாவது போலீஸ்காரன், ஒரு நீளமான இரும்புக்கம்பியை எடுத்து மாவுக்குள் விட்டுக் கிண்டுவான். புகையிலைப் பொட்டலத்தைக் குத்தியதும் அதே கம்பிதான், சாணி உரச் சாக்கைக் குத்தியதும் அதே கம்பிதான். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தபிறகு எஸ்டேட் தொரை எங்கள் முதலாளிக்கு ஆள் அனுப்பினார். கிண்டாமலே உள்ளே பால்மாதான் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு டின் செய்யமுடியுமா?

சாமிநாதன் அண்ணன் செய்தார். டின்னின் மேல்மூடியை அழுத்திப் பொருத்திவிட்டால் கையால் கழற்ற முடியாது. மூடியின் நடுவில் சின்ன வாய். அதன்மேல் திருகினால் சுற்றும் ஒரு தகடு. திருகிச் சாய்த்தால் ஒரு கரண்டி மாவு விழும், அதற்குமேல் விழாது. மறுபடி திருகவேண்டும். அந்த வாய்க்குள் விரலும் போகாது, கம்பியும் போகாது. தகட்டின் குறுக்கே, இரண்டு பக்கமும் டின்னின் விலா வரை இறங்குகிற மாதிரி ஒரு காகிதப் பட்டை ஒட்டினார். அதுதான் சீல். ஆனால் ஒட்டின காகிதத்தை ஆவி காட்டி உரித்துத் திரும்ப ஒட்டிவிடலாமே. பல நாள் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் டவுனில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றிருந்தார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் அது இரத்தமாய்ச் சிவந்தது. அண்ணன் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் சீல் காகிதம் மஞ்சளில் ஊறியது. டின்னின் மூடியில் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தார். பட்டையின் இரண்டு முனைக்கு மட்டும் கஞ்சிப்பசை. காய்ந்திருக்கும்வரை மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். யாராவது ஆவி காட்டினாலோ ஈரத்துணி வைத்தாலோ சுண்ணாம்பு கசிந்து பட்டை அடியிலிருந்து சிவந்துவிடும். சிவந்தது திரும்பாது.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முன்னால் இதைச் செய்துகாட்டினோம். அவர் தானே ஒரு கெட்டிலை வாங்கி ஒரு டின்னுக்கு ஆவி காட்டினார். சிவந்ததைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். சட்டம் போட்டாயிற்று. மஞ்சள் சீல் இருந்தால் டின்னைத் தொடாமல் விடவேண்டும். சிவந்திருந்தால் டின்னையும் ஆளையும் பிடித்து வைத்து இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பவேண்டும். அதுவரை யாரும் டின்னைத் திறக்கக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டு வாங்கியது அண்ணன்தான். கேட்டில் இருப்பவன் திறந்துவிட்டால் முதலில் திறந்தது யார் என்று தெரியாமல் போய்விடும் என்றார்.

டின்களில் மாவு நிரப்புவது கீழே கடையில். மூடி பொருத்தி சீல் ஒட்டுவது மாடியில், ஜானகி அண்ணி. வேறு யாரையும் அண்ணன் விடவில்லை. முதலாளி ஒருநாள் ஆசையாக ஒரு பட்டையை எடுத்தபோது கையிலிருந்து வாங்கிவிட்டார்.

எஸ்டேட்டில் டின்களை கேட்டுக்கு வெளியே கொண்டுபோவது காளியம்மா ஆயாவின் வேலை. கொட்டகையில் திறப்பதும் அவர்தான். நான் முதல்தடவை டின்களைக் கொண்டுபோனபோது ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னா தம்பி, மஞ்ச பூசி கொண்டாந்திருக்க? டின்னுக்குக் கல்யாணமா?”

“ஆமா ஆயா. மாப்ள நீங்கதான் பாக்கணும்.”

“இந்தா நிக்கிறான்லா மாத்தா, அவனையே கட்டி வெச்சிரு. இத்தன நாளு குத்திக்கிட்டே இருந்தான், இனிமே தொடாம குடும்பம் நடத்தட்டும்.”

மாத்தாவுக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். சில வாரம் கழித்துப் போனபோது ஆயா வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு என்னிடம், “அனுப்புன மவராசிகிட்ட சொல்லு, புள்ளைங்க வகுறு நல்லாயிருச்சுன்னு,” என்றார். அதை நான் ஜானகி அண்ணியிடம் சொன்னேன். அண்ணி, “அப்படியா, ஆயா சொன்னாங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

நாலைந்து மாதம் எல்லாம் நன்றாக நடந்தது.

பிறகு ஒருநாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில், எஸ்டேட் லோரி டிரைவர் வீரமுத்து வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

“சாமிண்ணே, ஆயாவப் புடிச்சு வெச்சுட்டானுங்க. டின்னு செவந்து போச்சாம். ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்கான். இன்ஸ்பெக்டர் வராரு.”

அண்ணன் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். பிறகு வீரமுத்துவிடம் கேட்டார், “எப்படிச் செவந்திருக்கு? முழுசாவா?”

“இல்லண்ணே. ஓரத்துல. வெரல் வெச்ச மாதிரி.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “ராமையா, ஆயா வெத்தல போடுமா?”

“வாய் செவக்காம நான் பாத்ததே இல்லண்ணே.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “சுண்ணாம்பு! வெரல்ல சுண்ணாம்பு. உள்ளேருந்து வரல, மேலேருந்து பட்டிருக்கு. ஐயோ, எல்லாப் பொம்பளைங்களும் சுண்ணாம்பு தடவுன வெரலோடதானே நிக்கிறாங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல, அதான் தோணாம போச்சு. வேன எடு.”

வெற்றுப் பட்டைகள் கொஞ்சம், ஒரு கிண்ணம், சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் பைக்குள் திணித்தார். ஜானகி அண்ணி பாதிப்படி இறங்கி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

“போகாதீங்க,” என்றார்.

“என்ன ஜானகி, ஆயாவ உள்ள தள்ளிருவான். என் சீலால.”

“சீல் வேணாம்னு நிறுத்திக்கட்டும். வியாபாரம் போனா போகட்டும். நீங்க போகாதீங்க.”

“அந்தம்மாவுக்கு யாரு இருக்கா?”

“ஆயா சமாளிச்சுக்குவாங்க.”

“எப்படிச் சமாளிக்கும்?”

அண்ணி படியின் மரக்கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். போலீஸ் விவகாரத்தில் புருஷன் தலையிடுவதற்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். “பயப்படாத. உண்மைய காட்டப்போறேன், அவ்வளவுதானே,” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வழியெல்லாம் அவர் பேசினார். அது ஒன்றே எனக்கு வினோதமாக இருந்தது. இனி பட்டையின் மேல்பக்கத்தில் மெல்லிசாக மெழுகு தடவவேண்டும், சுண்ணாம்பு பட்டாலும் ஏறாது, அடிப்பக்கத்தை மட்டும் விட்டுவிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. தப்பு எங்கே என்று கண்டுபிடித்தவனுக்கு வருகிற சந்தோஷம்.

எஸ்டேட் ஆபீஸில் இன்ஸ்பெக்டர் எங்களுக்குச் சற்றுமுன்தான் வந்திருந்தார். மேசைமேல் அந்த டின். சுவரோரமாகத் தரையில் காளியம்மா ஆயா. அண்ணனைப் பார்த்ததும் ஆயாவின் முகம் மாறியது. நிம்மதி அடைந்துவிட்டார் என்று எண்ணினேன். இப்போது நினைத்தால் அது வேறு.

இன்ஸ்பெக்டர் நன்றாக மலாய் பேசுவார். அந்த அறையில் எல்லாருக்கும் மலாய் புரியும். ஆயாதான் திறந்ததாக ஒத்துக்கொண்டுவிட்டது, இனி டின்னை வெட்டிப் பார்க்கவேண்டியதுதான் பாக்கி என்றார்.

“ஆமாய்யா, நான்தான் தொறந்தேன்,” என்றார் ஆயா தமிழில், அண்ணனைப் பார்த்து. “நான்தான் தொறந்தேன், நான்தான் ஒட்டுனேன். நீ எதுக்குத் தம்பி இவ்ளோ தூரம் வந்த? வீட்டுக்குப் போ.”

“ஆயா, பயத்துல ஒளறாதீங்க. நான் பாத்துக்கறேன்.”

“நான் ஒண்ணும் பயப்படலலா. போன்னு சொல்றேன்ல? போ தம்பி.”

அண்ணன் கேட்கவில்லை. பையைத் திறந்தார். ஒரு வெற்றுப் பட்டையை மேசைமேல் வைத்து, விரலில் சுண்ணாம்பைத் தொட்டு அதன் ஓரத்தில் வைத்தார். கண்ணெதிரே சிவந்தது. டின்னில் இருந்த கறைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய்ப் பிடித்தார். இரண்டும் ஒரே மாதிரி, விரல்நுனி அளவு. பிறகு இன்ஸ்பெக்டரிடம் உத்தரவு கேட்டு, டின்னின் சீலைச் சவரக்கத்தியால் முனையில் அறுத்து மெதுவாக மடக்கினார்.

அடிப்பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பசை முதன்முதல் ஒட்டிய இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

“பாருங்க துவான்,” என்றார் இன்ஸ்பெக்டரிடம் மலாயில். “ஈரம் பட்டிருந்தா இந்தப் பக்கம்தான் மொதல்ல செவக்கும். இத யாருமே தொறக்கல. இந்தம்மா பயந்து போய்ப் பொய் சொல்லுது.”

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நேர்மையான மனிதர் என்றுதான் எனக்குப் பட்டது. தலையை ஆட்டினார். “அப்படியென்றால் உங்கள் கடையில் ஒட்டியதிலிருந்து இதை யாரும் திறக்கவில்லை?”

“யாருமே இல்ல.”

“யார் ஒட்டினது?”

“என் மனைவிதான். வேற ஒரு ஆளையும் நான் கிட்ட விடறதில்ல. முதலாளியக்கூட விட்டதில்ல.” அதைச் சொல்லும்போது அண்ணன் நிமிர்ந்து நின்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஆயா கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, போகலாம் என்பதுபோல ஆயாவைப் பார்த்துக் கையைக் காட்டினார் என்று நினைக்கிறேன். அப்படிக் காட்டவில்லை என்று வீரமுத்து பிற்பாடு சொன்னான். எது சரியோ. ஆனால் ஆயா எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் டின்னைக் கையில் எடுத்தார். அந்தத் தகட்டின்மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு பிரியம். சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானைத் திருகுவதுபோலத் திருகிச் சாய்த்தார். ஒரு கரண்டி மாவு மேசைமேல் விழுந்தது. சிரித்தார். மறுபடி திருகினார். இன்னொரு கரண்டி. வெள்ளையாகச் சின்னச் சின்னக் குவியல்கள். இப்படியே சாய்த்துக்கொண்டு வந்தவர் ஒரு தடவை டின்னை நிமிர்த்தியபோது உள்ளே ஏதோ இடித்தது.

பால்மா சத்தம் போடாது.

அவர் டின்னைக் காதருகே வைத்து ஆட்டினார். மறுபடியும் கேட்டது. ‘கடக்’ என்று, தகரத்தில் கட்டியான ஏதோ உருண்டு மோதுகிற சத்தம். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு முகத்தில் இருந்தது, கண் மாத்திரம் டின்னின் அடிப்பக்கத்துக்குப் போனது.

ஒரு மாத்தா கத்தியால் டின்னின் அடியை வெட்டினான். மாவோடு மெழுகுக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டலம் விழுந்தது. உள்ளே வெள்ளை மாத்திரைகள். காயம் சீழ்ப்பிடிக்காமல் இருக்கக் கொடுக்கிற சல்பா மாத்திரை. கூடவே சுருட்டிய கட்டுத்துணி. மருந்து காட்டுக்குப் போவதற்கு என்ன தண்டனை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

எவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்தும் உருளையின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அந்த அறைக்குப் பிறகு அது எனக்கு வேறு விதமாகப் போய்விட்டது.

“நான்தான் வெச்சேன்,” என்றார் ஆயா. “அப்பவே சொன்னேன்ல. நான்தான் தொறந்தேன். எழுதிக்கிங்க.”

இன்ஸ்பெக்டர் ஆயாவைப் பார்க்கவில்லை. கையில் இன்னும் அந்தக் காகிதத்தை வைத்திருந்தார். அடிப்பக்கத்தை மேலாக, மஞ்சள் தெரிகிற மாதிரி, அண்ணன் முன்னால் வைத்தார்.

“இதை யாரும் திறக்கவில்லை,” என்றார். “நீங்களே சொன்னீர்கள்.”

“நான் வெச்சேன் துவான்,” என்றார் அண்ணன். “நான்தான். நான்தான் ஒட்டினேன்.”

“இப்போதுதானே உங்கள் மனைவி என்றீர்கள்?”

அண்ணன் மேசையிலிருந்த டின்னை எடுத்து, வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். வெட்டிய அடிப்பக்கத்தின் வழியே உள்ளே பார்த்தார். மிச்ச மாவு அவர் சட்டையெல்லாம் கொட்டியது.

“போன்னு சொன்னேனே, பாவி,” என்றார் ஆயா. திட்டுகிற மாதிரி இல்லை, அழுகிற மாதிரியும் இல்லை. “காட்டுல கெடக்குற அந்தப் புள்ளைக்கு இனி யாரு இருக்கா? எங்கிட்டயே முடிஞ்சிருக்கும்லா. போன்னு எத்தன தடவ சொன்னேன்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. சேகரன் இதே எஸ்டேட்டில் யூனியன் ஆளாக இருந்தபோது ஆயா வீட்டில்தான் சாப்பிட்டான் என்று லயனில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜானகி அண்ணி எந்த டின்னில் பொட்டலத்தை வைத்தாரோ, அது ஏதோ அடையாளத்தால் ஆயாவுக்குத் தெரியும். பிள்ளைகள் வயிறு நல்லாயிற்று என்று ஆயா என் மூலம் சொல்லியனுப்பியதே பொட்டலம் கிடைத்துவிட்டது என்ற செய்திதான். வாய் சின்னது, கரண்டி கரண்டியாக மாவு தீருகிறவரை பொட்டலம் அடியிலேயே கிடக்கும். தீர்ந்தபிறகு காலி டின்னை ரப்பர் மரங்களுக்கு அப்பால் இருக்கும் குப்பைக்குழியில் போடுவார் ஆயா. அதை யாரோ எடுத்துக்கொள்வார்கள். காலி டின்னை யார் பார்க்கப்போகிறார்கள். மஞ்சள் சீல் இருக்கிற டின்னைத் தொடக்கூடாது என்று சட்டமே இருந்தது. நம்பி யாரும் தொடவில்லை. அன்று காலை ஆயா வெற்றிலை மடித்த கையோடு டின்னைத் தூக்கினார், அவ்வளவுதான். திறந்தது நான் என்று அவர் சொன்னது பயத்தால் இல்லை. சீல் சிவந்திருந்தால் குற்றம் அவரோடு நிற்கும். திறந்ததால் சிவக்கவில்லை என்று ஆகிவிட்டால் அது மலாக்காவுக்கு, மாடிக்கு, அண்ணியின் கைக்குப் போய்விடும்.

ஜானகி அண்ணி இதை எல்லாம் படியில் நின்றபோதே அறிந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் வந்திருக்கமாட்டார். ஏன் சொல்லவில்லை? கீழே நானும் வீரமுத்துவும் நின்றிருந்தோம், அதனாலா? இல்லை, சொல்லியிருந்தால் ஆயாவை விட்டுக்கொடுக்கச் சொல்வதாக ஆகிவிடும் என்றா? நான் பல வருடம் யோசித்துவிட்டேன்.

திரும்பும்போது போலீஸ் லேண்ட் ரோவர் எங்களுக்கு முன்னால் போனது. அதில் அண்ணன் இருந்தார். நான் வெறும் வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். கடைவாசலில் நிறுத்தியபோது ஜானகி அண்ணி புடவை மாற்றி, தலைவாரி, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சின்னத் துணிப்பை மடியில் இருந்தது. அண்ணனைப் பார்த்து, “சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டையில் பால்மா அப்படியே இருந்தது.

காளியம்மா ஆயாவுக்குப் பத்து வருடச் சிறை. ஏழு வருடத்தில் விட்டார்கள். வெளியே வந்து ஜாசினில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் இருந்தார். அறுபத்தெட்டில் இறந்தார். ஜானகி அண்ணியை ஒரு வருடத்துக்கு மேல் தடுப்புக்காவலில் வைத்திருந்துவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அதற்குள்ளாகவே மலாக்காவின் சில பகுதிகளில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சாமிநாதன் அண்ணனைச் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். அண்ணிக்கு அடுத்த கப்பலில் அவரும் போனார். இருவரும் தஞ்சாவூர்ப் பக்கம் சேர்ந்தே இருந்தார்கள் என்று கேள்வி. சேகரன் சரணடையவும் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. தங்கராஜு முதலாளியின் லைசென்ஸ் போனது. சிம்பாங் அம்பாட்டில் மளிகைக்கடை வைத்தார், அதை இப்போது அவர் பேரன் நடத்துகிறான். எஸ்டேட் கேட்டில் இரும்புக்கம்பி திரும்ப வந்தது, முள்வேலியைப் பிடுங்குகிற வரை இருந்தது. வீரமுத்து நாலு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டான். நான் லோரி ஓட்டி ஓய்வுபெற்று, குருபோங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன்.